ஆள் இல்லாத வீட்டின் விளக்கு

தெர்னோய்
நவம்பர் 19

ஆர்வித்,

போனில் கூப்பிட்டால் "வேலைல இருக்கேன் அக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். குடாவுக்கு அந்தப் பக்கம், முனையில், நம் வீட்டில் விளக்கு எரிகிறது. கடல் பார்த்த ஜன்னலில், அம்மா வைக்கும் அதே இடத்தில். கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டான் என்று நினைத்தேன். எத்தனை வருடம் கழித்து! உடனே மாவு கரைத்து வாஃபிள் சுட்டேன். உனக்குப் பிடித்த பழுப்புப் பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டேன். சூடு ஆறாமல் துணியில் சுற்றிக்கொண்டு, இந்த முட்டிவலியோடு குடாவைச் சுற்றி நடந்தேன். பாதை முழுக்க உறைந்து வழுக்கியது.

கடை வாசலில் ஹால்டிஸ் நின்றிருந்தாள். "உன் தம்பி வந்துட்டானா குன்வோர்? விளக்கு தெரியுதே" என்றாள். "ஆமா, வந்துட்டான்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

வாசல் பனியில் ஒரு காலடி இல்லை. கதவில் புதிதாக ஒரு பூட்டு, எண் அழுத்தித் திறக்கிற வகை. அப்பா இறந்த அன்றுகூடப் பூட்டாத கதவு அது. தட்டினேன், கூப்பிட்டேன். அப்பா பிறந்த வருடம், அம்மா பிறந்த வருடம், நீ பிறந்த வருடம் எல்லாம் அழுத்திப் பார்த்தேன். சிவப்பாக மினுங்கியதே தவிரத் திறக்கவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தால் நாற்காலியெல்லாம் துணி மூடிக் கிடக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. அந்த வீட்டில் பிறந்தவள் நான். என் வீட்டு வாசலில் நின்று பேய்க்குப் பயப்படுகிறவள் மாதிரி பின்வாங்கினேன்.

வாஃபிளை ஆடுகளுக்குப் போட்டேன். அவை உன்னைவிட நன்றியோடு தின்றன. என்ன வேலை இது என்று எழுது.

குன்வோர்


பெர்கன்
நவம்பர் 28

அக்கா,

முட்டிவலியோடு நடக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள். முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை. இப்போது இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.

ஊராட்சியிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. வீட்டில் வருடம் முழுக்க ஆள் குடியிருக்கிறதா, இல்லையென்றால் குடிவை, அல்லது விற்றுவிடு என்று. சட்டம் உனக்குத் தெரியும். என் விலாசம் இன்னும் அங்கேதான் பதிவாகியிருக்கிறது. விளக்கு எரிந்தால் ஆள் வந்து போவதாக ஊர் நினைத்துக்கொள்ளும் என்று பார்த்தேன். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு மின்பணியாளரை அனுப்பி விளக்கையும் பூட்டையும் மாட்டச் சொன்னேன். அந்த விளக்கை இங்கிருந்து போனிலேயே போடலாம், அணைக்கலாம். தானாக எதுவும் நடக்காது, பேயும் இல்லை. மூன்று மணிக்கு நான்தான் போடுகிறேன். மாலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது நான்தான் அணைக்கிறேன். பேருந்து ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது.

பூட்டுக்கும் காரணம் உண்டு. கோடையில் ஜெர்மன் சுற்றுலாக்காரர்கள் வீட்டுக்குள் போய்க் காபி போட்டுக் குடித்தார்கள் என்று எழுதியது நீதான்.

முதுகுவலி அப்படியே இருக்கிறது. ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது. ஓய்வு பெற்றதும் அங்கேதான் வரப்போகிறேன் என்று எத்தனை முறை சொல்வது? அதுவரை வீடு இருக்கட்டும்.

ஆர்வித்


தெர்னோய்
டிசம்பர் 8

ஆர்வித்,

அந்த ஜெர்மன்காரர்கள் காபி குடித்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அதையும்தான் எழுதியிருந்தேன். நீ வந்து போனால் கோப்பை தொட்டியில்தான் கிடக்கும்.

அம்மா என்ன செய்வாள் என்று மறந்துவிட்டதா? ஆட்டுத்தொழுவம் வரை போவதானாலும் ஜன்னல் விளக்கை அணைத்துவிட்டுத்தான் போவாள். "ஆள் இல்லாத வீட்ல விளக்கு எரியறது, கடல்ல இருக்கறவன்கிட்ட பொய் சொல்றது" என்பாள். இந்தத் தீவில் இன்னும் அப்படித்தான். வெளிச்சம் தெரிந்தால் ஆள் உண்டு, கதவு திறக்கும், அடுப்பில் சூடு இருக்கும். நீ ஊராட்சியை ஏமாற்று, அது உனக்கும் அவர்களுக்கும். எங்களை ஏன் ஏமாற்றுகிறாய்?

இருட்டிய பிறகு குடாவைச் சுற்றி ஒரு முறை நடந்து பார். பாதி வீடுகள் கறுப்பாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் ஓஸ்லோவிலும் பெர்கனிலும் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்கு ஊரில் வீடு இருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்கிறார்கள். ஜூலையில் வந்து சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு ஆகஸ்டில் போய்விடுகிறார்கள். நாங்கள் இங்கே பற்கள் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டோம்.

கேட்க வந்ததைக் கேட்கிறேன். மீன் பதப்படுத்தும் கூடத்தில் லித்துவேனியாக்காரர் விதாஸும் அவர் மனைவி யுர்கிதாவும் வேலை செய்கிறார்கள். நல்ல மனிதர்கள். மூன்று பிள்ளைகளோடு கூடத்துக்கு மேலே இரண்டு அறையில் இருக்கிறார்கள். துணியெல்லாம் மீன் வாடை. அந்த மூன்று பிள்ளைகளும் போய்விட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். பள்ளி போனால் மற்ற இரண்டு குடும்பங்களும் போய்விடும். பிறகு படகும் வராது. அவர்கள் வீடு தேடுகிறார்கள். யாரும் கொடுக்கவில்லை. "வருஷத்துக்கு ஒரு தடவையாவது நாங்க வரணும்ல" என்கிறார்களாம். வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

நம் வீட்டை அவர்களுக்குக் கொடு. விற்றாலும் சரி, வாடகைக்கு விட்டாலும் சரி.

குன்வோர்


பெர்கன்
டிசம்பர் 20

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாய் என்று எழுதிய இடத்தில் மட்டும் அதிகமாக நின்றேன்.

கொடுக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே என் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரன் பெயர் எனக்குத் தெரியாது. லிஸ்பெத் பிரிந்து போனபின் இந்தச் சுவர்களில் ஒரு படம்கூட மாட்டவில்லை. ராத்திரி முழுக்க மழையில் மற்றவர்களை அவரவர் வீட்டு நிறுத்தத்தில் இறக்கிவிடுகிறேன். "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறார்கள். எனக்கு என்று இறங்க ஒரு நிறுத்தம் கிடையாது. மூன்று மணிக்கு இந்தச் சமையலறையில் உட்கார்ந்து போனில் அந்தச் சுவிட்சைத் தொடுகிறேன். இப்போது முனையில் வெளிச்சம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அலை சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருக்கும். ஊராட்சிக் கடிதம் ஒரு சாக்குதான். அந்த இரண்டு மணி நேரம் நான் வீட்டில் இருக்கிறேன். கிளம்பும்போது அணைத்துவிட்டு, "போய்ட்டு வரேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

வீடு என்றால் உனக்கு ஊர், பள்ளி, படகு. எனக்கு அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால், எங்கிருந்து வந்தாய் என்று யாராவது கேட்டால் எதைக் காட்டுவேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறை மட்டுமா இது? மகனுக்குத்தான் வீடு என்று அப்பா எனக்கு எழுதிவைத்தது உன் நெஞ்சில் இன்னும் முள்ளாக இருக்கிறது. உனக்குக் கிடைக்காதது எனக்கும் வேண்டாம் என்கிறாய். இல்லையென்று சொல் பார்க்கலாம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.

ஆர்வித்


தெர்னோய்
டிசம்பர் 30

ஆர்வித்,

இல்லையென்று சொல்லவில்லை. அப்பாவின் கடைசி மூன்று வருடம் அவருக்குச் சோறூட்டியதும் துடைத்துவிட்டதும் நான். அடக்கம் முடிந்த மறுநாள் ஒருநாளும் பூட்டாத அந்த வீட்டின் சாவியை உன் கையில் கொடுத்ததும் நான். நீ அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படகுக்கு நேரமாகிறது என்றாய். ஆமாம், எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. இன்றும் பாத்திரம் கழுவும்போது அந்தப் பக்கம்தான் பார்க்கிறேன்.

ஆனால் எனக்குக் கொடு என்று கேட்கவில்லை. அதையாவது கவனித்தாயா?

களைப்பாக இருக்கிறது. இனி இதைப்பற்றி எழுத மாட்டேன்.

குன்வோர்


தெர்னோய்
ஜனவரி 24

ஆர்வித்,

எழுத மாட்டேன் என்றேன். எழுத வேண்டியதாகிவிட்டது. உட்கார்ந்து படி.

போன வியாழன் இங்கே வடமேற்குக் காற்று. காலையில் அமைதியாக இருந்ததால் விதாஸ் தன் சின்னப் படகில் தூண்டில் போடப் போயிருக்கிறார். திரும்பும்போது இயந்திரம் நின்றுவிட்டது. காற்று அவரை முனைப்பக்கம் தள்ளியது. படகு பாறையில் மோதி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையேறினார். போன் நனைந்து செத்துவிட்டது. பனி அடித்ததில் எதுவும் தெரியவில்லை. ஒரே ஒரு வெளிச்சம் தெரிந்தது. நம் வீட்டு வெளிச்சம்.

என் வீட்டு விளக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். ஒரு ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்று தொழுவத்தில் இருந்தேன். வழக்கப்படி விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தேன். அம்மா சொன்னபடி ஒழுங்காக நடந்துகொண்டேன். உண்மை சொன்ன வீடு இருட்டாக இருந்தது, பொய் சொன்ன வீடு வெளிச்சமாக இருந்தது. ராத்திரியெல்லாம் இதை யோசிக்கிறேன்.

அவர் தட்டியிருக்கிறார். கத்தியிருக்கிறார். காது கேட்காத கிழவர் யாராவது உள்ளே இருப்பார், மெதுவாக எழுந்து வருவார் என்று வாசற்படியில் உட்கார்ந்து காத்திருக்கிறார். ஜன்னலை உடைத்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "உள்ள ஆள் இருக்கிற வீட்டு ஜன்னலை எப்படிம்மா உடைக்கறது? அதுவும் என்னை மாதிரி வெளிநாட்டுக்காரன் உடைச்சா என்ன சொல்வாங்க?" என்றார்.

அப்போது விளக்கு அணைந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றாமல். "ஜன்னல் வழியா என்னைப் பாத்திருப்பாங்க. யாருன்னு தெரிஞ்சு அணைச்சுட்டாங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் தட்டல." அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

நான் தொழுவத்திலிருந்து வந்து விளக்கைப் போட்டபின் அதைப் பார்த்து, கரையோரமாகத் தவழ்ந்தும் நடந்தும் வந்து சேர்ந்தார். கதவைத் தட்டவில்லை. கதவில் சாய்ந்து விழுந்த சத்தம்தான் கேட்டது. ஹெலிகாப்டர் வந்து போதோ ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனது. உயிர் இருக்கிறது. இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

எத்தனை மணிக்கு அணைந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

வசந்தத்தில் ஊரைவிட்டுப் போகிறோம் என்று யுர்கிதா சொல்லிவிட்டாள்.

குன்வோர்


பெர்கன்
பிப்ரவரி 6

அக்கா,

பத்து நாளாக எழுத உட்கார்கிறேன், எழுத வரவில்லை. அந்த வியாழக்கிழமை எனக்கு நினைவிருக்கிறது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு கையில் சட்டையை மாட்டிக்கொண்டே அணைத்தேன். அன்றும் "போய்ட்டு வரேன்" என்று சொன்னேன். யாரிடம் சொன்னேனோ.

அந்தச் சுவிட்சை அதற்குப் பிறகு தொடவில்லை.

பூட்டின் எண் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வாங்கும்போது இருந்ததுதான். மாற்றத் தெரியாமல் விட்டுவிட்டேன். நீ எங்கள் எல்லாருடைய பிறந்த வருடத்தையும் போட்டுப் பார்த்ததாக எழுதியபோது சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. சின்னக் குழந்தைகூடத் திறந்திருக்கும்.

வீட்டை அவர்களுக்கே விற்றுவிடுகிறேன். அவர்களால் என்ன முடியுமோ அதற்கு. கேட்டுப் பார்.

ஆர்வித்


தெர்னோய்
பிப்ரவரி 17

ஆர்வித்,

ஒன்று இரண்டு மூன்று நான்கு அழுத்தினேன். திறந்தது. வாசல் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

உள்ளே காற்றே செத்துக் கிடந்தது. அடுப்பை மூட்டினேன். மூடிய துணிகளை எடுத்து உதறினேன். அப்பாவின் நாற்காலியில் சிறிது நேரம் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது. விழித்தபோது வீடு சூடாகியிருந்தது. குடாவுக்கு இந்தப் பக்கம் இருந்து என் வீட்டைப் பார்த்தேன். சின்னதாக, மூக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் அங்கிருந்து இதைப் பார்த்தே காலத்தைக் கழித்திருக்கிறேன்.

அவர்களிடம் கேட்டேன். முதலில், அன்று வீட்டில் யாருமே இல்லை, விளக்கு பெர்கனிலிருந்து போனில் எரிந்தது என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை அவர்களுக்குத் தெரியாது. விதாஸ் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "அந்த வீட்டுக்காரங்க மேல தினம் கோபப்பட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப யார் மேலம்மா கோபப்படறது?" என்றார்.

யுர்கிதா அப்படி விடவில்லை. அவள் மீன் அறுக்கிற கத்தி மாதிரி பேசுகிறவள். "வீடு வேணாம். ஆள் இருந்து திறக்காம விட்டிருந்தாக்கூட ஒரு நாள் மன்னிச்சிருப்பேன். யாருமே இல்லாத கதவு முன்னாடி என் புருஷன் கெஞ்சிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்தாள். கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலிலேயே நின்று சொன்னாள். "உங்க தம்பி வரட்டும். அந்த வீட்டுக்குள்ள உக்காந்திருக்கட்டும். இவரு போய்த் தட்டுவாரு. அவரு எழுந்து வந்து திறக்கணும். அதுக்கப்புறம் யோசிக்கறேன்."

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பாய். முடியவில்லை. வா.

குன்வோர்


பெர்கன்
ஏப்ரல் 14

அக்கா,

படகில் ஏறியதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். ஈஸ்டருக்கு உன் வீட்டில் இருந்த நாட்களில் நாம் ஆடுகளைப் பற்றித்தான் பேசினோம். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்று நீ யுர்கிதாவோடு உன் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாய். உள்ளே நான் தனியாக இருந்தேன்.

சொன்னபடி அடுப்பை மூட்டிக் காபி வைத்தேன். விளக்கைப் போட்டேன், கையால், ஜன்னலுக்குப் போய். பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டேன். பிறகு சமையலறையில் உட்கார்ந்தேன். அவர் வரும் காலடி கேட்டது. வாசலில் நின்றது. வெகுநேரம் தட்டவில்லை. அவர் தட்டுவதற்குள் நானே போய்த் திறந்துவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். அது தப்பு என்று உட்கார்ந்தேன். அவர்தான் தட்ட வேண்டும், அக்கா. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது.

தட்டினார். மெதுவாக, ஒரே முறை. எழுந்து போய்த் திறந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், என்னவோ அவர்தான் மன்னிப்புக் கேட்க வந்த மாதிரி.

"வீட்ல ஆள் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கேன். உள்ள வாங்க" என்றேன்.

காபி ஊற்றினேன். அவர் கோப்பையை இடது கையால்தான் எடுத்தார். மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. நான் அந்தக் கையைப் பார்த்தேன், பார்த்துவிட்டு "தப்பு என்னோடது" என்றேன். தலையசைத்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததற்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பிறகு கூரையில் எந்த இடம் ஒழுகும், கிணற்றுத் தண்ணீர் எந்த மாதம் கலங்கும், புகைபோக்கியை எப்படித் தட்டினால் அடைப்பு எடுக்கும் என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அந்த வீட்டைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

மாடி அறையை மட்டும் எனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். பிறகு நீங்கள் பிள்ளைகளோடு வந்ததும், அவர்களில் பெரியவள் படியேறிப் போய், ஜன்னலைத் திறந்து, "கடல் தெரியுது" என்று தங்கைகளைக் கூப்பிட்டாள். பிறகு அந்த அறையை நான் கேட்கவில்லை.

விளக்கை அப்படியே விட்டு வந்தேன். நல்ல விளக்கு, வைத்துக்கொள்ளட்டும்.

வெறுமையாக இருக்கிறது, அக்கா. சரியானதைச் செய்தால் மனம் லேசாகும் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

ஆர்வித்


தெர்னோய்
நவம்பர் 9

ஆர்வித்,

கோடை முழுக்க ஒரு வரி எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. சூரியன் இறங்காத காலத்தில் யாருக்குத்தான் எழுதத் தோன்றும்?

பள்ளி இந்த வருடம் திறந்திருக்கிறது. அடுத்த வருடத்தை அடுத்த வருடம் பார்ப்பார்களாம். நம் வீட்டுக் கொடியில் துணி காய்கிறது. இப்போதும் கொஞ்சம் மீன் வாடைதான் என்று ஹால்டிஸ் சொல்கிறாள். அவளுக்கு யாரையாவது ஏதாவது சொல்ல வேண்டும். யுர்கிதா என்னிடம் கேட்காமலேயே சமையலறைச் சுவரை மஞ்சளாக்கிவிட்டாள். எனக்கு நெஞ்சில் குத்தியது. ஏன் என்னிடம் கேட்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார்கள், போகிறேன். தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். பிறந்த வீட்டுக் கதவைத் தட்டுவது இன்னும் பழகவில்லை.

ஒரு விஷயம். போன வாரத்திலிருந்து அந்த ஜன்னல் விளக்கு தானாக எரிகிறதாம். மதியம் இருட்டியதும் பட்டென்று வருகிறதாம். சின்னவள் பயந்து அழுகிறாள். பெரியவள் போய் அணைத்துவிடுகிறாள். மறுநாள் மறுபடியும். இந்த வீட்டில் செத்துப்போன யாராவது வருகிறார்களா என்று யுர்கிதா என்னிடம் கேட்டாள். அதெல்லாம் இல்லை என்றேன். யார் என்று நான் சொல்லவில்லை.

நீதானே? இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லையா? இவ்வளவு நடந்த பிறகுமா? நிறுத்து.

குன்வோர்


பெர்கன்
நவம்பர் 16

அக்கா,

நான்தான். பிள்ளை அழுகிறாள் என்று தெரியாது. நிறுத்திவிட்டேன்.

ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை. வருடம் திரும்பி இருட்டு வந்ததும், ஒரு நாள் கை பழக்கத்தில் போய்விட்டது. போட்டதும் பயந்து, அணைக்கப் போனேன். அதற்குள் அங்கே அணைந்துவிட்டது. போனில் அது தெரியும், எரிந்தால் மஞ்சளாக இருக்கும், அணைந்தால் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் நிறமானது. நான் தொடவே இல்லை.

மறுநாளும் போட்டுப் பார்த்தேன். மறுபடி யாரோ அணைத்தார்கள். ஒரு நாள் உடனே, ஒரு நாள் கொஞ்ச நேரம் கழித்து. யாரோ எழுந்து, அறையைக் கடந்து வந்து, நம் ஜன்னலுக்குக் கை நீட்டுகிறார்கள். போன குளிர்காலத்தில் அந்த விளக்கை நானே போட்டு நானே அணைத்துக்கொண்டிருந்தேன். அணைக்க அங்கே ஆள் இருக்கிறது, அக்கா. அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். "போய்ட்டு வரேன்" என்று சொல்லத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அவ்வளவுதான். விதாஸிடம் சொல்லி அந்த விளக்கை மாற்றிவிடச் சொல்.

ஆர்வித்


தெர்னோய்
நவம்பர் 25

ஆர்வித்,

விளக்கை மாற்றவில்லை. பிள்ளைகளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பெர்கனில் என் தம்பி ஒருவன் பேருந்து ஓட்டுகிறான், வேலைக்குப் போகும் முன் உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்கிறான், நீங்கள் அணைத்தால் இருக்கிறோம் என்று அர்த்தம் என்றேன். யுர்கிதா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தடுக்கவில்லை. சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது யார் அணைப்பது என்று மூன்றுக்கும் சண்டை. ஒரு வாரமாக ஜன்னலடியில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். நீ போடவில்லை. சின்னவள் என்னைக் கேட்கிறாள், அந்த மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று.

நாளையிலிருந்து போடு. நான்கு மணிக்கு முன்னாலேயே போடு, அதற்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள், யாரும் எழுந்து வர மாட்டார்கள்.

குன்வோர்